மூட்டு மாறியது, தசை மாறவில்லை

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு இன்றைய வடிவத்தை 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி கொடுத்தார். மூட்டை மாற்றுவது சில மணி நேர வேலை. வருடக்கணக்கில் நொண்டி மெலிந்துபோன தசை தேற மாதங்கள் ஆகும். அதனால்தான் நேற்று கைத்தடியோடு தெருமுனைவரை போனவருக்கு இன்று கால் வீங்குகிறது, சிகிச்சையே தோற்றதாக மனம் உடைகிறது. பெரும்பாலும் அது நேற்றைய நடை கூடிப்போனதன் விளைவுதான். தூரத்தைக் குறைத்துத் தொடரலாம். தூக்கம் கெட்டு, எதற்கும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவர் அழுதால் அதைக் கோழைத்தனம் என்பது (நம் வீடுகளில் சகஜம்) அநியாயம்.

அப்படியானால் எல்லா வலியையும் பொறுத்துக்கொள்வதா? கூடாது. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, திடீரென்று காலை ஊன்ற முடியாவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே 108 ஆம்புலன்ஸ். வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வையும் மருத்துவரிடமே சொல்லலாம்.