இலக்கவியல் ஊடகத்தில் வேலை: நன்மையும் தீமையும்



படிப்பை முடித்த இளைஞர் பலர் இன்று வேலை தேடிச் செல்லும் இடங்களுள் ஒன்று இலக்கவியல் ஊடக நிறுவனம். இணையத்தில் செய்தி வெளியிடும் நிறுவனங்கள், காணொளி தயாரிக்கும் நிறுவனங்கள், சமூக ஊடகங்களில் விளம்பரப் பணி செய்து தரும் நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் இப்பெயரில் அடங்கும். இவ்வேலையை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாமா என்பது பெற்றோர் பலரின் கேள்வி. அதற்கு விடை காண, இதன் நன்மை தீமைகளை இன்று ஆராய்வோம்.

முதலில் நன்மைகளைப் பார்ப்போம். இத்துறையின் வாசல் அகலமானது. அச்சுப் பத்திரிகை நடத்த அச்சகம் வேண்டும், தாள் வேண்டும். நம் நாட்டில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். இணையத்திற்கோ அந்த அச்சு அனுமதி தேவைப்படவில்லை. 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் உறுதிமொழிகளுள், இணையம் தணிக்கை செய்யப்படாது என்பதும் ஒன்று. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தித்தான் ஸ்டீவன் கான், பிரேமேஷ் சந்திரன் என்னும் இருவர் 1999 நவம்பரில் மலேசியாகினியைத் தொடங்கினர்.

இரண்டாவது நன்மை, ஒருவரே பல தொழில்களைக் கற்றுக்கொள்ளலாம். காலையில் செய்தி எழுதுபவரே மாலையில் படம் பிடிப்பார். அதை வெட்டி ஒட்டித் தொகுப்பார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் ஆராய்வார். இந்தத் திறன்கள் வேறு துறைக்குப் போனாலும் கைகொடுக்கும். வயதில் இளையவராயினும் திறமை இருந்தால் பொறுப்பு விரைவில் வந்து சேரும்.

இனி, தீமைகள். முதலாவது, வருமானம் நிலையற்றது. விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி கூகள், ஃபேஸ்புக் போன்ற பெரிய தளங்களுக்கே போய்விடுகிறது. அத்தளங்கள் தங்கள் விதியைச் சற்று மாற்றினால், இங்கே ஒரு நிறுவனத்தின் வாசகர் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. 2008இல் தொடங்கிய 'தி மலேசியன் இன்சைடர்' இணைய ஏடு, நட்டத்தாலும் அரசு அதன் தளத்தை முடக்கியதாலும் 2016 மார்ச்சில் மூடப்பட்டது; 59 ஊழியர்கள் வேலையிழந்தனர். தரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் 'பஸ்ஃபீட் நியூஸ்' 2021இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2023இல் அதற்கும் பூட்டுப் போட்டார்கள்.

இரண்டாவது, ஓய்வின்மை. அச்சு ஏட்டில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது. இணையத்திற்கு அந்த எல்லை இல்லை. நள்ளிரவிலும் கைத்தொலைபேசி அழைக்கும். வன்முறைக் காட்சிகளைப் பார்த்து நீக்கும் பணியில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். அப்பணியால் மனநலம் கெட்டதாக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தவர்களுக்காக 52 மில்லியன் டாலர் தர 2020இல் ஃபேஸ்புக் உடன்பட்டது.

மூன்றாவது, சட்டப் பொறுப்பு. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினிக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. சில மணி நேரத்தில் பொதுமக்களே அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி. எனினும், எல்லா நிறுவனங்களுக்கும் அத்தகைய ஆதரவு கிடைக்கும் என்று எண்ணலாகாது.

அப்படியானால் இவ்வேலையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஆழம் பார்த்துக் காலை வைக்க வேண்டும் என்பதே நாம் கூற வருவது. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: நீங்கள் நிறுவனத்தின் ஊழியரா, தனி ஒப்பந்தக்காரரா? ஊழியராயின், 2,500 ரிங்கிட் சம்பளத்திற்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது மாதம் 325 ரிங்கிட், ஊழியர் சேமநிதியில் செலுத்த வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு அது கிடைக்காது. ஆண்டுக்கு 3,900 ரிங்கிட் இழப்பு. கையில் வரும் தொகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு: வேலை நேரம் எவ்வளவு? 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டப்படி வாரத்திற்கு 45 மணி நேரமே உச்சவரம்பு. மிகைநேரத்திற்கு ஊதியம் உண்டா என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

மூன்று: நிறுவனத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது? விளம்பரம் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் நிறுவனம் ஒற்றைக் காலில் நிற்கும் நாற்காலி. சந்தா, நிகழ்ச்சிகள், தயாரிப்புப் பணிகள் எனப் பல வழிகளில் வருமானம் உள்ள நிறுவனம் ஓரளவு உறுதியானது.

நேயர்களே, நிறுவனம் மூடப்படலாம். கற்ற தொழிலை யாராலும் மூட முடியாது. எனவே இத்துறைக்குச் செல்லும் இளைஞர்கள் முதல் மாதத்திலிருந்தே சிறிது சேமிக்கட்டும். தாங்கள் செய்த பணிகளை முறையாகத் தொகுத்து வைக்கட்டும். பெற்றோரும், 'பெயர் தெரியாத வேலை' என்று ஒதுக்காமல், அந்த மூன்று கேள்விகளையும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசிப் பார்க்கட்டும்.