சைவச் சாப்பாடு: கருணையும் கைச்செலவும்

(சாக்கோட்டை வட்டாரத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தை மாதம் வந்துவிட்டால் நம் பக்கத்துச் சாலைகளில் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்க்கிறீர்கள். குன்றக்குடி வழியாகக் காவடிகள் போகின்றன. மாலை போட்ட வீட்டில் கறியும் மீனும் அடுப்பேறுவதில்லை. புரட்டாசியிலும் பல வீடுகளில் அப்படித்தான். செட்டிநாடு என்றாலே கோழி வறுவல் என்று வெளியூர் ஓட்டல் போர்டுகள் சொல்லட்டும். சைவச் சாப்பாடு நமக்குப் புதுச் சங்கதி இல்லை.

இப்போது வேறு ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்திருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் சிலர், விரதத்துக்காக இல்லாமல், "ஒரு உயிரைக் கொன்று நான் ஏன் சாப்பிடணும்?" என்று கேட்டுக் கறியை நிறுத்திவிடுகிறார்கள். "அப்புறம் உடம்பில் ரத்தம் எங்கேடி ஊறும்?" என்கிறார் ஆத்தா. "போகட்டும் விடு, காசு மிச்சம்" என்கிறார் அப்பா. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் பாதிப் பாதிதான்.

பிள்ளை கேட்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வாங்கித் தின்ன ஆள் இல்லையென்றால் விற்க யார் கொல்லப் போகிறார் என்பது அவர் வைக்கும் வாதங்களில் ஒன்று. வள்ளலார் கொல்லாமையைச் சொன்னதோடு நிற்கவில்லை. 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்து, சாதி பார்க்காமல், பசித்து வந்தவருக்கெல்லாம் சோறு போட ஏற்பாடு செய்தார். உயிரைக் கொல்லாதே என்பதும் பசித்தவனை விட்டுவிடாதே என்பதும் அவருக்கு ஒரே ஜீவகாருண்யம். இந்த இரண்டாவது பாதியை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சைவம் சாப்பிடுகிறேன் என்பதற்காகக் கருவாடு வாங்குகிற வீட்டை முகம் சுளித்துப் பார்ப்பது கருணை ஆகாது. கண்மாய் வற்றும் நாளில் பிடிக்கிற கெண்டையும் அயிரையும்தான் எத்தனையோ குடிசைகளில் பிள்ளைக்குக் கிடைக்கும் நல்ல புரதச்சத்து. மாற்றாக எதையும் கையில் கொடுக்காமல் அதை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன்.

இனி காசு. ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாய்க்குக் குறைவாகக் கிடைக்கிறதா? வாரம் அரைக் கிலோ என்றாலும் மாதத்துக்கு 1,600 ரூபாய். எலும்பையும் சேர்த்து எடை போட்டாலும் அந்த 2 கிலோவில் புரதம் 400 கிராமைத் தாண்டாது. துவரை, பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் புரதம் உண்டு. நிலக்கடலையில் 25. ஆக 6 கிலோ பயறு வகையில் 1,300 கிராமுக்கு மேல் கிடைக்கிறது. கறியில் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு.

"ரேஷனில்தான் பருப்பு வருதே" என்பீர்கள். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நல்ல காரியம். ஆனால் கணக்குப் பாருங்கள். மாதம் 1 கிலோவை நாலு பேருக்குப் பிரித்தால் ஒரு ஆளுக்கு நாளைக்கு 8 கிராம். அது சாம்பாருக்கு நிறம் கொடுக்கும், உடம்புக்குப் பலம் கொடுக்காது. ஆளுக்கு 50 கிராம் வேண்டும். அதாவது நாலு பேர் வீட்டுக்கு மாதம் 6 கிலோ. மீதி 5 கிலோவுக்குக் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை என்று சந்தையில் விலை சரிந்திருப்பதைப் பார்த்து வாங்கினால் 600 ரூபாய் அளவில் முடித்துவிடலாம். கறியை நிறுத்திய வீடு அந்த 1,600-ல் இந்த 600-ஐப் பயறுக்கு ஒதுக்கத்தான் வேண்டும். முழுவதையும் மிச்சம் பிடித்தால் அது சைவம் இல்லை, ரசமும் சோறும்.

ஒரு பெண்ணுக்கு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் தேவை. 300 கிராம் அரிசியில் 20 கிராம் வந்துவிடும். 50 கிராம் பருப்பில் 11, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 5, முருங்கைக்கீரைப் பொரியலில் 3. சரியாகப் போயிற்று. இதில் எது எட்டாத பொருள்? கீரை கொல்லையிலேயே நிற்கிறது. நம் ஆயாமார் கும்மாயம் கிண்டினார்கள், அரிசி கழுவிய தண்ணீரில் மொச்சை மண்டி வைத்தார்கள். அவர்கள் கையில் புரத அட்டவணை எதுவும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு வாய்க்குள் போனால்தான் உண்டு. கறிக்குழம்பானாலும் பருப்புக் குழம்பானாலும் கடைசியில் உட்காருகிறவருக்குச் சட்டியின் அடிதானே மிஞ்சுகிறது? மாமனார், புருஷன், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்தபின் மருமகள் இலையில் பருப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மாமியார்மார்களே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. இவர்களில் பெரும்பாலோர் சைவம் இல்லை. கறி சமைத்த வீட்டிலும் ரத்தம் ஊறவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆத்தா கேட்டதும் தவறில்லை. கறியில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் பயறிலும் உள்ளதைக் கொஞ்சம்தான் எடுக்கும். அதற்கு வழி உண்டு. பயறை ஊறவைத்து முளைகட்டிச் சமையுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேருங்கள். சாப்பிட்ட வாயோடு டீ குடிப்பதை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன குடியா முழுகிவிடும்? சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் போதும்.

ஒரே ஒரு சத்து மட்டும் எந்தக் கீரையிலும் எந்தப் பயறிலும் நம்பும்படி இல்லை. அது வைட்டமின் பி-12. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. பாலும் தயிரும் தினமும் சேர்ப்பவர்களுக்கு ஓரளவு கிடைத்துவிடும். "கன்றுக்கு உள்ள பாலை நான் தொடமாட்டேன்" என்று அதையும் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மனசை மதிக்கிறேன். ஆனால் மாத்திரை இல்லாமல் அந்த வழியில் போகக்கூடாது. குறைவு உடனே தெரியாது. சில வருஷம் கழித்துக் கால் மதமதப்பு, நாக்குப் புண், மறதி, சோகை என்று வரும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் தாய்க்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

காந்தியடிகள் பால் குடிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தவர். 1918-ல் கடும் வயிற்றுக்கடுப்பால் நலிந்து போனார். பிறகு கஸ்தூரிபா சொன்னதன் பேரில் ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கினார். அதில் அவருக்கு மன வருத்தம் இருந்தது. உயிர் வாழ்ந்து செய்ய வேண்டிய வேலையும் இருந்தது. கர்ப்பிணிகள் விரதம் எடுக்குமுன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். பழம் நல்லதுதான், ஆனால் முட்டையின் புரதம் அதில் இல்லை. சாயங்காலம் வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் உண்டு, பி-12 கிடையாது. ஆகவே முதல் மாதம் பதிவு செய்ய வரும்போதே, "நான் கறி, முட்டை தொடுவதில்லை, பாலும் குடிப்பதில்லை" என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, பி-12 மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்கள். தாய்-சேய் அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள். அதில் எழுதி வைத்தால்தான் அடுத்த முறை பார்க்கிறவருக்கும் தெரியும்.