பெயரைக் கேட்டே பயப்படலாமா?

நடுவர் அவர்களே! பாதி வெற்றி கிடைத்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! சாமைச் சோறும் தேனும் தந்து வரவேற்ற ஜவ்வாது மலைப் பெருமக்களே, தாய்மார்களே!

'நோயுள்ள பூனையை வீட்டில் வளர்ப்பது அன்பா, அறியாமையா?' அன்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா என்ன கேட்டாங்க? "பூனைக்கும் எய்ட்ஸ் வருமாமே! பிள்ளைங்க விளையாடுற வீட்டுல அதை விடலாமா?"ன்னாங்க. தாயுள்ளம், நியாயமான பயம். ஆனால் பதில் இருக்கு.

அந்த வைரஸுக்கு எஃப்.ஐ.வி. என்று பெயர். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லக் குறைக்கும். 1986-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி.க்கு இது தூரத்துச் சொந்தம். அவ்வளவுதான்! பங்காளி வாங்கின கடனுக்கு நம்ம வீட்டை ஜப்தி பண்ணலாமா? (சிரிப்பு) இது மனிதருக்கு வராது, நாய்க்கும் வராது. பூனையிலிருந்து பூனைக்குத்தான், அதுவும் பெரும்பாலும் சண்டையில் ஆழமாகக் கடிபட்டால். ஒரே தட்டில் பால் குடித்துத் தொற்றுவது அபூர்வம்.

அதே 1986-இல்தான், இதே மலையில், காவலூரில் பெரிய தொலைநோக்கியைத் திறந்தாங்க. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தாங்க. அப்புறம் நாம என்ன செஞ்சோம்? எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தோம். பக்கத்து வீட்டு நோயாளியை எட்ட நிறுத்தினோம்! தட்டைத் தனியா வச்சோம், பேச்சை நிறுத்தினோம். அந்த ஒதுக்கலைத் தடுக்க 2017-இல் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. மனுஷனிடம் செய்த தவறைப் பூனையிடமும் செய்யணுமா?

சரி, பயந்து வெளியே துரத்துறீங்க. என்ன ஆகும்? தெருவில் சண்டை போடும், கடிக்கும், இன்னும் நாலு பூனைக்குக் கொடுக்கும். நோய் பரவக்கூடாது என்பவர்தானே அதைப் பரப்ப வழி செய்கிறார்! கருத்தடை செய்து வீட்டோடு வைத்தால் சண்டை ஏது, கடி ஏது?

இதைக் குணமாக்கும் மருந்து இல்லை, மறைக்க மாட்டேன். வாய்ப்புண், ஈறு வீக்கம், சளி என்று மற்ற நோய்கள் எளிதாக வரும். ஆனால் பல பூனைகள் பல ஆண்டுகள் நன்றாகவே வாழும். பச்சை இறைச்சி, பச்சை மீன் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டணும். வீட்டில் சண்டைக்காரப் பூனை இருந்தால் தனித்தனியே வைக்கணும். குட்டியா? தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே பரிசோதனையில் 'உண்டு' என்று காட்டலாம். ஆறு மாதம் கடந்து மறுபடி பார்க்கணும். ஒரு சீட்டைப் பார்த்து உயிரைத் தீர்மானிக்காதீங்க!

நடுவர் அவர்களே! பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். இங்கே கண்ணை மூடியிருப்பது பூனை இல்லீங்க, நாம. கொழுகொழு குட்டியைத் தூக்க ஆயிரம் கை நீளும். யாரும் தொடாததைத் தூக்கும் கைக்குத்தான் அன்பு என்று பெயர். அந்தக் கைக்குத் தீர்ப்பைத் தாருங்கள்.