பட்டமரமும் ஒரு தொட்டில்தான்

இனி எதற்கும் பயனில்லை என்று நினைக்கும் மனிதரைப் 'பட்டமரம்' என்கிறோம். அது எவ்வளவு தவறு என்பது ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களின் ஓரம் சென்று பார்த்தால் புரியும்.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த ஊர் அது. 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டமும் அருகில்தான் உள்ளது. கேமரன் மலைக் காடுகளில் பெரிய மஞ்சள்பிடரி மரங்கொத்தி வாழ்கிறது. ஆணுக்குத் தொண்டை மஞ்சள், பெண்ணுக்குச் செம்பழுப்பு. கூட்டுக்கு வந்தது தாயா, தந்தையா என்று குறித்துக்கொள்ள இந்த அடையாளமே போதும்.

மரங்கொத்தி இனத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பொந்து குடைகின்றன. உள்ளே மெத்தை கிடையாது, மரத்தூள்தான் படுக்கை. பெரும்பாலான இனங்களில் இரவில் அடைகாப்பது தந்தை! ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். அப்போது உடலில் இறகு இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. சொரசொரப்பான தரை காலைக் கிழிக்காதிருக்க, குதிகாலில் தடித்த தோல் மெத்தையை இயற்கை கொடுத்திருக்கிறது.

குஞ்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அறியப் பொந்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. தூரத்தில் அமர்ந்து பெற்றோரைக் கவனித்தாலே போதும். முதல் நாட்களில் அவை முழு உடலோடு உள்ளே நுழைந்து ஊட்டும். பிறகு தலையை மட்டும் நுழைக்கும். குஞ்சே வாசலுக்கு ஏறி வந்து வாய் பிளந்தால், பறக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். பொரித்து மூன்று, நான்கு வாரங்களில் அது வெளியேறும்.

நல்ல படம் வேண்டுமென்று மரத்தைத் தட்டுவோரும், இலையை ஒடித்து வழி செய்வோரும் உண்டு. பயந்த பெற்றோர் வராவிட்டால் குஞ்சு பட்டினி கிடக்கும். மிரண்ட குஞ்சு பறக்கத் தெரியாமலேயே கீழே குதித்துவிடும். ஒரு புகைப்படத்திற்கு இந்த விலையா?

மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்து வீணாவதில்லை. சொந்தமாகக் குடையத் தெரியாத மைனா, சிறு ஆந்தை, பறக்கும் அணில் போன்றவை அங்கே குடியேறுகின்றன. ஒரு பட்டமரத்தை விறகுக்கு வெட்டினால், பல குடும்பங்கள் வீடிழக்கின்றன.

பாதையிலும் லயத்து வீட்டின் மேலும் சாயும் மரத்தை அகற்றத்தான் வேண்டும். மனித உயிர் முக்கியம். ஆனால் யாருக்கும் இடையூறின்றிக் காட்டோரம் நிற்கும் பட்டமரத்தை விட்டுவைக்கலாமே! கோடரியை ஓங்குமுன் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள், நேயர்களே. மேலே ஒரு பொந்து தெரிந்தால், அது மரமல்ல, தொட்டில்!