மாடு என்னும் ஒரு சொல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற தைத் திங்களில், நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "மாடு என்பது திட்டும் சொல் ஆயிற்றே, அதற்கு ஏன் பொங்கல் வைக்கிறோம்?" என்று வினவினாள். நாம் நகைத்தோம், பின்னர் நாணினோம். தில்லியில் பிறந்து வளரும் அவள் அச்சொல்லை நம் வாயிலிருந்து சினத்தில் மட்டுமே கேட்டிருக்கிறாள். பிழை அவளுடையதன்று.

மாடு என்பதற்குச் செல்வம் என்பதும் பொருள். கல்வி அதிகாரத்தின் இறுதியிலுள்ள 400ஆம் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறார். ஆநிரை மீட்கும் போரில் மாண்ட வீரர்க்கு நடுகல் நாட்டியது பழந்தமிழகம். உயிரைக் கொடுத்தும் காக்கத்தக்க பொருளாக அஃது இருந்தது. இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்னும் சொல்லிலிருந்தே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' பிறந்தது. நம் அண்டை வீட்டார் பேசும் இந்தியிலும் கால்நடைக்குப் 'பசுதன்' என்னும் பெயருண்டு. அதிலுள்ள தனமும் செல்வமே.

'உயிர்கள்மாட்டு அன்பு' என்னுமிடத்து மாடு என்பது பக்கம், இடம் என்னும் பொருள் தரும். அங்கே விலங்கு இல்லை. 'ஆ' என்னும் பழஞ்சொல் வழக்கொழிந்தது என எண்ணுகிறோம். விடுமுறையில் ஊருக்குச் சென்று வாங்கும் 'ஆவின்' பாலில் அஃது இன்றும் உயிர் வாழ்கிறது. "மாடாய் உழைத்தான்" என்கிறோம். அதில் இகழ்ச்சியினும் இரக்கமே மிகுதி.

இத்தனை பொருள்களையும் ஊரிலேயே விட்டுவிட்டு, வசையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு நாம் இங்கு வந்து சேர்ந்தோமோ? ஊரில் வளரும் குழந்தை தொழுவத்திலும் தெருவிலும் பாட்டியின் கதையிலும் ஒரு சொல்லின் பல முகங்களைக் காணும். இங்கு வளரும் குழந்தைக்கோ நம் வாயன்றி வேறு தமிழ்நாடு இல்லை. நாம் எதை வழங்குகிறோமோ அதுவே அதற்குத் தமிழ். ஆதலின், சினத்தில் சொல்லும் தமிழினும் உணவு வேளையில் சொல்லும் தமிழ் நம் இல்லங்களில் மிகுதியாகுக என வேண்டுகிறோம்.

அச்சிறுமிக்கு அடுத்த ஞாயிறன்று இவற்றையெல்லாம் விளக்கினோம். சற்றுச் சிந்தித்துவிட்டு, "அப்படியானால் அப்பா இத்தனை நாளும் என்னைச் 'செல்வமே' என்றுதான் அழைத்தாரா?" என்றாள். அவள் தந்தையார் இவ்வவையில்தான் இருக்கிறார். விடை கூற வேண்டியவர் அவரே!