சனாதிபதியின் மூன்று திறவுகோல்கள்

ஒருவர் கையிற் பேரதிகாரம் ஒப்படைக்கப்படும்போது, இன்று அதனைப் பெறுபவர் நல்லவரா என்பதையே மக்கள் நோக்குவர். நாளை அதே ஆசனத்தில் அமரப்போகின்றவர் யாரென எண்ணிப் பார்ப்போர் சிலரே. இதன் விளைவை ஜேர்மனியின் வரலாறு காட்டுகின்றது.

முதலாம் உலக மகாயுத்தத்தில் தோல்வியுற்ற அந்நாடு, 1919 ஆம் ஆண்டில் வைமார் அரசியல் யாப்பை ஏற்றது. மக்கள் நேரே தெரிந்தெடுக்கும் சனாதிபதிக்கு அந்த யாப்பு மூன்று திறவுகோல்களை அளித்தது. அரசாங்கத் தலைவரான சான்சலரை அவர் நியமிக்கலாம், நீக்கலாம், பாராளுமன்றத்தைக் கலைக்கலாம், பொது அமைதிக்கு ஆபத்து நேரின், 48 ஆம் பிரிவின்படி அவசர ஆணைகள் பிறப்பித்து அடிப்படை உரிமைகளையும் இடைநிறுத்தலாம். காவலும் இல்லாமலில்லை. பாராளுமன்றம் கோரினால் அவ்வாணையை அவர் நீக்கியே ஆகவேண்டும்.

முதற் சனாதிபதி எபேர்ட், குடியரசைக் காக்கும் நோக்குடன் 48 ஆம் பிரிவைப் பன்முறை கையாண்டார். அவசரத்துக்கென வைத்த மருந்து அன்றாட உணவாகத் தொடங்கியது.

1930 ஜூலையில், சான்சலர் புரூனிங்கின் நிதித் திட்டத்தைப் பாராளுமன்றம் நிராகரித்தது. சனாதிபதி ஹின்டன்பேர்க் அதனை அவசர ஆணையாகப் பிறப்பித்தார். ஆணையை நீக்குமாறு பாராளுமன்றம் வாக்களித்தது. உடனே பாராளுமன்றமே கலைக்கப்பட்டது. ஒரு திறவுகோலுக்கு இட்ட பூட்டை மற்றொன்று திறந்துவிட்டது. செப்டெம்பர்த் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 12 ஆசனங்களிலிருந்து 107 ஆசனங்களுக்கு உயர்ந்தது.

மீண்டும் ஒரு தேர்தல் வந்தால் என்னாகுமோ என்றஞ்சிய சமூக சனநாயகக் கட்சியினர், பின்வந்த ஆணைகளைச் சகித்திருந்தனர். 1932 இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே. அவசர ஆணைகளோ 60 இற்குக் குறையா.

1933 ஜனவரி 30 இல் ஹின்டன்பேர்க் ஹிட்லரைச் சான்சலராக்கினார். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே, அதே 48 ஆம் பிரிவின்கீழ், பேச்சு, பத்திரிகை, கூட்டம் ஆகியவற்றுக்கான உரிமைகள் இடைநிறுத்தப்பட்டன. மார்ச்சு மாதத்திற் சட்டமியற்றும் அதிகாரமும் ஹிட்லரின் அரசாங்கத்தைச் சேர்ந்தது. 1934 ஆகஸ்டில் ஹின்டன்பேர்க் மறைந்ததும் இரு பதவிகளும் ஒருவருடையவாயின.

இந்தப் பட்டறிவினால், 1949 ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் வகுக்கப்பட்ட யாப்பு சனாதிபதி பதவியைப் பெரிதும் சம்பிரதாய அளவிற் சுருக்கிற்று.

எபேர்ட்டுக்கு நெருக்கடியில் உதவிய பிரிவே ஹிட்லருக்கும் உதவியது. நல்லவரை நம்பி வழங்கிய அதிகாரம், அவர் போனபின் அவருடன் போவதில்லை. ஆதலின், ஓர் அதிகாரத்தை அளிக்கும் முன், அது தீயவர் கைக்குச் சேர்ந்தால் மீட்பதற்கு வழியுண்டா எனக் கேட்பது குடிமக்களின் கடமையாகும்.