சிங்கத்தின் சுவடும் பெயரும்



விலங்கியல் ஆய்வாளரோடு மொழியியலாளருக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். கென்யாவின் தென்பகுதியில், அம்போசெலி வெளிகளில், சிங்கங்களைப் பின்தொடர்வோருடன் யாம் நடந்த நாள்கள் அதற்கு விடை தந்தன.

அங்கு வாழும் மாசாய் இளைஞர் ஈட்டியால் சிங்கத்தைக் கொன்று வீரம் காட்டுவது பழைய வழக்கம். கொன்றவனுக்குச் சிங்கப்பெயர் ஒன்று சூட்டப்பெறும். கால்நடையைச் சிங்கம் அடித்தபோதும் பழிவேட்டை நிகழும். 2007இல் தொடங்கிய 'சிங்கக் காவலர்' திட்டம் அவ்விளைஞரையே பணியில் அமர்த்தியது. அவர்களுள் பலர் பள்ளி செல்லாதவர்; பணியின்பொருட்டே எழுத்துக் கற்றனர்; கண்டதைப் படிவத்தில் தாமே எழுதுகின்றனர். ஆசிரியர்களாகிய உங்களுக்கு இச்செய்தி இனிக்கும்.

சுவடு பார்த்தலும் ஒருவகை வாசிப்பே. சிங்கம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் மண்ணில் நகக்குறி விழுவதில்லை. கழுதைப்புலியின் சுவட்டில் விழும். யாம் மண்ணைக் கண்டோம்; உடன்வந்தவர் விலங்கைக் கண்டார். ஆய்வாளரிடம் கழுத்துப்பட்டையின் வானொலிச் சைகையும் அதை வாங்கும் ஆண்டெனாவும் உண்டு. மீசைமயிர் வரிசையின் புள்ளியமைப்பு ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறாதலால், அதனைக் கொண்டும் 'ஆள்' அறிவர்.

காவலரோ பெயரிடுகின்றனர். முன்பு சிங்கத்தைக் கொன்றவன் பெயர் பெற்றான். இன்று காப்பவன் சிங்கத்துக்குத் தன் மொழியிலேயே பெயர் தருகிறான். எம்மை நெடுநேரம் நிறுத்திச் சிந்திக்கவைத்தது இதுவே. பெயர் மட்டுமே காக்கும் என்று யாம் கூறவில்லை. வழிதவறிய மாட்டைத் தேடித் தருவதும், பட்டியின் வேலியை வலுப்படுத்துவதும் காவலர் பணியே. மாட்டை இழந்தவனிடம் பெயரைச் சொல்லி ஆறுதல் கூற இயலுமா?

இடையே ஒன்று. சுவாகிலியின் 'சிம்பா'வைக் கேட்டு, நம் 'சிங்கம்' அங்குச் சென்றதென மாணவர் சிலர் மகிழ்வர். அது பாந்து மொழிகளுக்கே உரிய சொல், ஒலியொப்புமை தற்செயல். மலாயின் 'சிங்கா' வேறு; அது வடமொழிவழி வந்தது. மாசாய் மொழியோ பாந்து அன்று, நைலோட்டியக் குடும்பத்தது. அதில் பெயர்ச்சொல்லின் பால் முன்னொட்டால் அறியப்படும். ஆண்பாலுக்கு 'ஒல்', பெண்பாலுக்கு 'என்' போல்வன. தமிழில் ஈறு காட்டுவதை அங்கு முதல் காட்டுகிறது.

சுவட்டின் பழமை, விலங்கின் நடை, அது இரை உண்ட நிலை ஆகியவற்றைக் காவலர் தமக்குள் பேசிய சொற்களை யாம் குறிப்பேட்டில் எழுதிவந்தோம். முறையாகத் தொகுக்க விரும்பும் மாணவர் வந்தால், அக்குறிப்பேட்டைத் தர அணியமாக உள்ளோம்.